இரண்டு பிரைம் மூவர்களையும் இப்போதைக்கு விற்காதீர்கள்

பேலியகொடையில் இரண்டு பிரைம் மூவர்களை (ட்ரெய்லரை இழுக்கும் லொறித் தலைகளை) வைத்துத் துறைமுகக் கொள்கலன்களை இழுக்கும் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: வெயாங்கொடையில் உலர் துறைமுகம் (கடற்கரையை விட்டு உள்நாட்டில் கொள்கலன்களைக் கையாளும் முற்றம்) வரப்போகிறது, இனிப் பெட்டிகள் ரயிலில் போகும் என்கிறார்கள்; ஐரோப்பாவில் இருக்கும் மைத்துனரும் அங்கே எல்லாம் ரயிலில்தான் போகிறது என்கிறார்; அப்படியானால் வண்டிகளை இப்போதே விற்றுவிட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு காணி வாங்கி யார்ட் போடுவது புத்தியா? மேலோட்டமாகப் பார்த்தால் ரயில் மலிவா, லொறி மலிவா என்ற கேள்வியாகத் தெரியும். உண்மையில் கேட்கப்பட்டிருப்பது, இந்தத் தீவின் அளவுக்குள் ரயிலும் லொறியும் கைமாற்றிக் கொள்கலன் கொண்டுசெல்லும் ஒரு சந்தை உருவாக முடியுமா, உருவானால் அதில் லொறிக்காரருக்கு எந்த இடம் மிஞ்சும் என்பதே. நான் 1990களின் நடுப்பகுதியில் வார்ஃப் கிளார்க்காக, அதாவது துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் எழுத்தராகத் தொடங்கி, பின்னர் சரக்கு அனுப்பு முகவர் நிறுவனமொன்றின் இயக்கப் பிரிவைக் கவனித்தவன். கப்பல், சுங்கம், லொறி மூன்றும் எனக்குக் கைப்பழக்கம். ரயிலை நான் எப்போதும் மேடையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். ஆகவே பாதை இயக்கம் பற்றி எழுதும் இடங்களை ஒரு வாடிக்கையாளரின் அறிவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மறந்துபோன ஒரு விடயம். இலங்கையின் ரயில் பாதை பயணிகளுக்காகப் பிறந்ததல்ல. கண்டிச் சீமையின் கோப்பி மாட்டு வண்டிகளில் வாரக்கணக்கில் கொழும்புக்கு இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்துரைமாரின் நெருக்குதலால் வந்தது அது. 1864 டிசம்பரில் முதல் ரயில் அம்பேபுஸ்ஸை வரை ஓடியது. 1867 இல் பாதை கண்டியைத் தொட்டது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபோதும் பாதையைத் தாங்கியது சரக்குத்தான். இன்று நாட்டின் தரைவழிச் சரக்கில் ரயிலின் பங்கு ஒன்றிரண்டு சதவீதம் என்பது துறையினர் வழமையாகச் சொல்லும் அளவு. அந்தச் சிறிய பங்குக்குள் எவை நிலைத்தன என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கொலன்னாவையிலிருந்து எண்ணெய்த் தாங்கி வண்டிகள், திருகோணமலை சீனன்குடா மாவாலையின் கோதுமை மா, அருவக்காட்டிலிருந்து புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல், 1990 வரை காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து. எல்லாமே கனமானவை, ஒரே வகையானவை, நாள் தவறாமல் நகர வேண்டியவை. அதைவிட முக்கியமானது, தண்டவாளம் ஆலையின் அல்லது தாங்கியின் வாசல்வரை போகிறது. சரக்கை லொறிக்கு மாற்ற வேண்டிய தேவை ஒரு முனையிலாவது இல்லை.

கொள்கலனுக்கு அந்த வசதி கிடையாது. இறக்குமதியாளரின் களஞ்சியம் ஒரு ஒழுங்கையின் கோடியில் இருக்கும். ஆகவே துறைமுகத்திலிருந்து ரயில் முற்றம்வரை ஒரு லொறி, அங்கே தூக்கி ஏற்ற ஓர் இயந்திரம், மறுமுனையில் தூக்கி இறக்க இன்னோர் இயந்திரம், அங்கிருந்து களஞ்சியத்துக்கு இன்னொரு லொறி என்று நான்கு செலவுகள் ரயில் கட்டணத்துக்கு வெளியே நிற்கின்றன. தூரம் கூடினாலும் குறைந்தாலும் இந்த நான்கும் மாறுவதில்லை. கணக்கு விளங்குவதற்காக மட்டும் கற்பனை எண்களில் சொல்கிறேன். லொறிக்குக் கிலோமீற்றருக்கு 1 ரூபாய், ரயிலுக்கு 40 சதம், இரு முனைச் செலவுகள் சேர்ந்து 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டிக்கு 120 கி.மீ. என்றால் லொறி 120 ரூபாயில் முடிக்கும். ரயில் 248 கேட்கும். யாழ்ப்பாணத்துக்கு 400 கி.மீ. என்றால் லொறி 400, ரயில் 360. இரண்டும் சமப்படும் இடம் ஏறக்குறைய 333 கி.மீ. இலங்கையின் வடமுனைக்கும் தென்முனைக்கும் இடையே உள்ள தூரமே 430 கி.மீ. சொச்சம்தான். பியகம, கட்டுநாயக்க போன்ற ஏற்றுமதி வலயங்களோ துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எண்களை நீங்கள் உங்கள் சொந்தச் செலவுப் புத்தகத்திலிருந்து மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சமப்படும் புள்ளி முன்பின் நகரும், ஆனால் கணக்கின் உருவம் மாறாது.

இந்த உருவத்தை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை, ஒரு வெட்கக்கேட்டில் அறிந்தேன். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. வடக்கில் வீடு கட்டும் வேலை மும்முரம். 2016 இல் தரை ஓடு இறக்குமதி செய்யும் ஒரு வாடிக்கையாளர், தென்மராட்சியில் உள்ள தன் களஞ்சியத்துக்கு ரயிலில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஓடு பொல்லாத சரக்கு. 20 அடிப் பெட்டி பாதி உயரம் நிரம்புவதற்குள் பாரம் எல்லையைத் தொட்டுவிடும். தொன் கணக்கில் ரயில் கட்டணத்தைப் பெருக்கி, லொறி விலைமனுவுக்குப் பக்கத்தில் வைத்து, எவ்வளவு மிச்சம் என்று சிவப்பு மையில் கோடிட்டு அனுப்பினேன். அடுத்த நாள் அந்தக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தொலைபேசியில் வந்தார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. “எல்லாம் சரி தம்பி, ஸ்டேஷனிலை இதை இறக்கிறது ஆர்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அங்கே பெட்டியைத் தூக்கும் இயந்திரம் இல்லை. வாடகைக்குப் பாரந்தூக்கி பிடித்தால் அதன் ஒருநாள் கூலியே மிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கையால் இறக்கினால் உடையும் ஓடுகளுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு வரும். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமாரின் கூலியைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த நான், ஏற்றுகூலி இறக்குகூலி என்ற இரண்டு வரிகளைக் கணக்கில் எழுதவே இல்லை. திரும்பக் கூட்டியபோது லொறிதான் மலிவு.

அதோடு வெறும்பெட்டியின் கதையும் சேர்ந்துகொள்கிறது. கொள்கலன் இறக்குமதியாளருக்குச் சொந்தமல்ல, கப்பல் கம்பனிக்குச் சொந்தம். குறித்த நாட்களுக்குள் காலியாகக் கொழும்பு யார்டில் ஒப்படைக்காவிட்டால் நாள் கூலி ஏறும். வடக்குக்குப் போன பெட்டி ரயிலில் திரும்பி வரவும் கட்டணம் உண்டு, உள்ளே சரக்கு இல்லாமலே. இதனால்தான் யாழ்ப்பாணத்துக்குரிய பெரும்பாலான பொருட்கள் கொழும்பிலேயே பெட்டியிலிருந்து பிரிக்கப்பட்டு, சாதாரண லொறிகளில் ஏறுகின்றன. அந்த லொறி திரும்பும்போது வெங்காயமோ புகையிலையோ ஏற்றிக்கொண்டு வரும். திரும்பு வாடகை நிச்சயம் என்ற துணிவில் போகும் வாடகையைக் குறைத்துப் பேசும். நீங்களே அப்படிப் பேசியிருப்பீர்கள். இந்தப் போட்டியை எந்த ரயில் கட்டண அட்டவணையாலும் எளிதில் வெல்ல முடியாது.

கொழும்புத் துறைமுகம் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கு மேற்பட்ட இருபதடிப் பெட்டிகளைக் கையாள்கிறது, இவ்வளவு பெட்டிகள் இருக்கும்போது ரயிலுக்குச் சந்தை இல்லையா என்று அந்தக் கேள்விக்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார். அந்த எண்ணை நம்பி முதலீடு செய்யாதீர்கள். அவற்றில் 80 சதவீதமளவு ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகும் இடைமாற்றுச் சரக்கு. பெரும்பாலும் இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் உரியது. துறைமுக வாசலைக் கண்ணால்கூடக் காணாது. உங்களுக்கும் ரயிலுக்கும் பொதுவான இரை மிச்சமுள்ள ஐந்தில் ஒரு பங்குதான். அதிலும் பெரும்பகுதி மேல் மாகாணத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரைவழிச் சரக்கில் ரயிலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அங்கும் லொறிதான் ராஜா. ரயில் வெல்லும் பாதைகள் நீளமானவை, அல்லது அரசு வேண்டுமென்றே சாய்த்துவிட்டவை. சுவிட்சர்லாந்து மக்கள் 1994 இல் வாக்களித்து, அல்ப்ஸ் மலையைக் கடக்கும் சரக்கு ரயிலுக்கு மாற வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். பார லொறிகளுக்குத் தூரத்துக்கும் எடைக்கும் வரி போட்டு, அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் 57 கி.மீ. நீளமான கொத்தார்ட் அடிச் சுரங்கத்தைக் கட்டி 2016 இல் திறந்தார்கள். அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் கம்பனிகள் தாமே விலை பேச வழிவிட்டது; சில ஆண்டுகளில் பெட்டிமேல் பெட்டி அடுக்கிய ரயில்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடத் தொடங்கின. இந்தியா 1988 இல் கொன்கோர் என்ற அரச நிறுவனத்தைக் கொள்கலனுக்கென்றே தொடங்கி, 2006 இல் தனியாருக்கும் கொள்கலன் ரயில் ஓட்டக் கதவைத் திறந்தது. தில்லிப் பக்கத்துத் தாத்ரியிலிருந்து மும்பையின் ஜவகர்லால் நேரு துறைமுகம் வரை சரக்குக்கென்று தனிப்பாதைக்கு அவர்கள் திட்டமிட்ட நீளம் 1,506 கி.மீ. அந்த நீளத்தில் ஒரு நுனியை எங்கள் தீவில் வைத்தால் மறுநுனி கடலுக்குள் நெடுந்தூரம் போய்விடும். இவற்றை எடுத்துக்காட்டி இங்கேயும் அப்படியே நடக்கும் என்பவர்கள் வரைபடத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஓர் உதாரணம் எனக்கு எதிராகவே நிற்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. சுவீடனின் கோதன்பர்க் துறைமுகத்திலிருந்து உள்நாட்டு முனையங்களுக்குத் தினமும் கொள்கலன் ரயில்கள் ஓடுகின்றன. அவற்றுள் சில முனையங்கள் நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரில்தான் இருக்கின்றன. என் 333 கி.மீ. கணக்குப்படி அவை பிழைத்திருக்கக் கூடாது. பிழைத்ததற்கு நான் காணும் காரணம், ரயில் துறைமுகத்துக்குள்ளேயே வந்து நிற்பதால் ஒரு முனையின் லொறிச் செலவு இல்லாமல் போவதும், சுங்க வேலை உள்நாட்டு முனையத்திலேயே முடிக்கப்படுவதும், கால அட்டவணை பிசகாததும்தான். ஆக, குறுந்தூர ரயில் செத்த எண்ணமல்ல. கிலோமீற்றர்க் கட்டணத்தை நம்பி அது வாழாது, முனைச் செலவை ஒழித்தால் மட்டும் வாழும். வெயாங்கொடையைப் பற்றிய என் கருத்து முழுவதும் இந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

2025 வரவு செலவுத் திட்ட உரையில் வெயாங்கொடை உலர் துறைமுகமும் புளுமெண்டால் சரக்குப் பூங்காவும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. அவை கட்டப்பட வேண்டும் என்ற தேவை உண்மை. இரவு இரண்டு மணிக்குத் துறைமுக வாசல் வரிசையில் நின்றவர் எவரும் மறுக்கமாட்டார். ட்ரெய்லரின் அடியில், நான்கு சக்கரங்களுக்கு இடையே சாரத்தை விரித்துப் படுத்திருக்கும் சாரதி, முன்வண்டியின் காற்று பிரேக் சீறும் ஓசையில் கண் விழித்து, வண்டியை ஐம்பதடி நகர்த்திவிட்டுத் திரும்பப் படுப்பதை நான் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். வெயாங்கொடையோ கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து 40 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு ரயில் கட்டணத்தால் ஒருநாளும் லொறியை வெல்லாது. வெல்லக்கூடியது காத்திருப்பில் மட்டும். இப்போது கஸ்டெக் (சுங்கப் பிரகடனப் படிவம்) போட்ட பிறகு பரிசோதனைக்கு விழும் பெட்டி ஒருகொடவத்தை முற்றங்களில் வரிசையில் நிற்கிறது. அந்தப் பரிசோதனையும் தீர்வைக் கொடுப்பனவும் விடுவிப்பும் வெயாங்கொடையிலேயே முடியும் என்று சுங்கம் எழுத்தில் சொல்லி, கப்பல் கம்பனிகளும் வெறும்பெட்டியை அங்கேயே பொறுப்பேற்றால், கம்பஹா, குருணாகல் பக்கத்து இறக்குமதியாளர் கொழும்புக்கு வரவே தேவையில்லை. அப்போது ரயில் நிறையும். பெட்டியை அங்கே கொண்டுபோய் அடுக்கிவிட்டு, தாள் வேலைக்கு மட்டும் கொழும்புக்கு ஓட வேண்டுமென்றால், அது விலைகூடிய ஒரு வாகனத் தரிப்பிடம். இந்த இரண்டில் எது நடக்கும் என்பதைப் பொறியியலாளர் தீர்மானிக்க முடியாது, சுங்க நடைமுறைதான் தீர்மானிக்கும்.

பாதையின் இடவசதி பற்றியும் ஒரு வார்த்தை. காலையும் மாலையும் அலுவலக ரயில்கள் கோட்டையை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வரும் பாதையில்தான் சரக்கு ரயிலும் ஓட வேண்டும். ஆகவே நடைமுறையில் அதற்குக் கிடைப்பது பகலின் இடைவெளியும் இரவும். பொல்காவலைக்கு வடக்கே பாதை பெரும்பாலும் ஒற்றை. எதிர் ரயில் விலகி நிற்கும் கிளைப்பாதையின் நீளமே சரக்கு ரயிலின் நீளத்தைக் கட்டுப்படுத்தும். ரயிலின் இலாபமே நீளத்தில்தான் இருக்கிறது என்பதால் இது சிறிய தடையல்ல. மலையகத்தைக் கொள்கலனுக்காக நினைக்க வேண்டாம்: கடுகண்ணாவை ஏற்றம் 44க்கு 1; அந்தப் பாதை மழைக்கும் மண்சரிவுக்கும் எவ்வளவு இளகியது என்பதை 2025 நவம்பர் இறுதியின் டித்வா புயல் காட்டிவிட்டது.

லொறி மலிவாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை லொறிக்காரரிடம் சொல்வது கொஞ்சம் சங்கடம். வீதியின் தேய்மானம் அச்சின் பாரத்துக்கு நேர்விகிதமாக ஏறுவதில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த வீதிச் சோதனையிலிருந்து பொறியியலாளர்கள் கொள்ளும் கணிப்பு, அச்சுப் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது. அந்தச் சேதத்தின் விலை உங்கள் வாடகையில் இல்லை; அரசின் வீதிச் செலவில் இருக்கிறது. ரயிலோ தன் பாதையைத் தானே பராமரிக்க வேண்டிய திணைக்களத்தின் கையில் இருக்கிறது. 2022 ஜூன் இறுதியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாயைத் தொட்டபோது, ஒரு தொன் சரக்கை இழுக்க ரயிலுக்கு மிகக் குறைந்த எண்ணெய் போதும் என்ற உண்மை திடீரென்று எல்லோருக்கும் நினைவு வந்தது. வரிசைகள் குறைந்ததும் அது மறந்தும் போனது. எரிபொருள் விலை மறுபடி அப்படி ஏறி அங்கேயே நின்றால், அல்லது அரசு சுவிஸ் பாணியில் பார வரி போட்டால், என் 333 கி.மீ. குறையும். இரண்டும் நடக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

இனி உங்கள் காணி. ரயில் கொள்கலன் சந்தை வந்தாலும் ஒவ்வொரு பெட்டியும் கடைசி 5 அல்லது 20 கிலோமீற்றரை லொறியில்தான் கடக்கும். ஆகவே பிரைம் மூவரின் வேலை ஒழியாது, சிறுகும். ஒரு நாளைக்கு ஒரு நீள ஓட்டத்துக்குப் பதில் நான்கைந்து குறுகிய ஓட்டங்கள். இரண்டு வண்டிகளில் பழையதற்கு அதுவே பொருத்தம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் காணி இருப்பது ஒரு தகுதியே அல்ல. பக்கத்தில் ஓடும் பாதையிலிருந்து கிளை பிரித்துத் தர ரயில்வே சம்மதிக்காவிட்டால் அந்தத் தண்டவாளம் உங்களுக்கு வேலியோரத்துக் காட்சி மட்டும்தான். முற்பணம் கொடுக்கும் முன் மூன்று பதில்களைக் கடதாசியில் வாங்குங்கள்: கிளைப்பாதைக்கு யார் அனுமதி தருவார், வெறும்பெட்டியை அந்த இடத்தில் பொறுப்பேற்க எந்தக் கப்பல் முகவர் தயார், ஒரு வருடத்துக்குக் குறைந்தது இத்தனை பெட்டி தருவேன் என்று கையெழுத்திட எந்த இறக்குமதியாளர் இருக்கிறார். விற்பவர் காட்டும் வரைபடம் இவற்றில் எதற்கும் பதிலாகாது. மூன்றும் கிடைத்தால் எனக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள். ஸ்டேஷனில் இறக்குவது யார் என்று கேட்ட அந்தப் பெரியவருக்கு நான் இன்னும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.